ஜெனரேட்டர் உபயம்

அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடாதீர்கள் தம்பி. காலை நேரத்தில் பஸ்ஸில் காற்று வராவிட்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். பனிதான், தெரிகிறது. மார்கழி என்றால் அப்படித்தான் இருக்கும். உடம்புக்கு நல்லது.

மடியில் என்ன, குஞ்சுப் பெட்டியா? ஓட்டை போட்டிருப்பதைப் பார்த்தேன். கத்துகிற சத்தமும் கேட்டது. நாட்டுக்கோழிதானே? நேற்றுப் பொரித்ததாக இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். என் வீட்டிலும் இருந்தது தம்பி. ஐந்நூறு குஞ்சு, போன தை மாதம். என் சம்சாரம்தான் வைத்திருந்தாள். அவளைப் பார்க்கத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். மில் கேட்டில் இறங்கிவிடுவேன். அதுவரை பேசிக்கொண்டு போகலாம்.

என் பெயர் ஆறுச்சாமி. கரட்டுப்புதூர். ஊர் சின்னதுதான். ஆனால் கரட்டின் மேல் வேலவர் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தேர் ஓடும். கோயில் கமிட்டியில் நானும் ஒரு ஆள்.

சம்சாரம் பெயர் துளசிமணி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மில்லுக்குப் போனவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் கட்டிக்கொண்டது. படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். டாக்டர் இனிமேல் மில் வாசலையே மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஜாதி இல்லை அவள். கால்நடைப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தாள். காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையைத் தார்ப்பாய் கட்டி மறைத்தாள். குஞ்சு வாங்கி வளர்க்கப் போகிறேன் என்றாள்.

"இது மட்டும் நின்னுருச்சுன்னா நான் மறுபடி அந்தப் பஞ்சுக்குள்ள போக வேண்டியதில்லீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நான் குறுக்கே நிற்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா? எத்தனை ஆம்பளை இப்படி விடுவான்?

தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தினாள். உள்ளே உமியைப் பரப்பிப் பேப்பர் விரித்தாள். நடுவில் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டாள். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு அந்த பல்புதான் தாயாம். முதல் மூன்று வாரம் சூடு குறையக் கூடாதாம். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். குஞ்சு கத்தினால் குளிர்கிறது என்று அர்த்தம். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் ரொம்பக் குளிர்கிறது. சத்தமில்லாமல் பரவிப் படுத்திருந்தால் கதகதப்பாக இருக்கிறது என்று அர்த்தம். நீங்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உதவும். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது? அதற்கும் யோசனை வைத்திருந்தாள். சின்னதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். கொட்டகை ஓரத்தில் கோணி போர்த்தி வைத்திருந்தாள். குழந்தையைத் துடைப்பது மாதிரி துடைப்பாள் அதை.

இனி தேர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்த் தேர் முன்பெல்லாம் குள்ளம். கரண்ட் கம்பிக்குக் கீழேயே போய்விடும். கரண்டை நிறுத்த வேண்டிய வேலையே இல்லை. வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா? பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் டீக்கடையில் என் முகத்துக்கு நேராகக் கேட்டான். "ஏப்பா ஆறுச்சாமி, உங்க ஊர்ல ஓடறது தேரா, ஐஸ் வண்டியா?" அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான், கடைக்காரனும் சிரித்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை தம்பி.

கமிட்டியில் எழுந்து பேசினேன். மேலே இன்னொரு தட்டு ஏற்ற வேண்டும், அதற்கு மேல் புதுக் கலசம் வைக்க வேண்டும் என்றேன். தர்மகர்த்தா நஞ்சப்பன் ஐயா வயசானவர், எதற்கும் தயங்குவார். கம்பி தட்டுமே என்றார். தேர் ஓடுகிற நேரம் கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டால் தட்டாது என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். என் யோசனைதான் அது. போன வருஷம் தேர் அலங்காரம் முடித்து நின்றபோது பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள் ஜனங்கள்.

கரண்ட் இல்லையென்றால் சாமிக்கு லைட்டு? மைக் செட்டுக்கு என்ன வழி? யாரோ வாடகைக்கு எடுக்கலாம் என்றார்கள். வீட்டில் ஒன்று சும்மா கிடக்கும்போது வாடகை எதற்கு? நான் தருகிறேன் என்றேன். உடனே மைக்கில் அறிவித்துவிட்டார்கள். போர்டும் எழுதிவிட்டார்கள். 'ஜெனரேட்டர் உபயம்: கோ. ஆறுச்சாமி, கரட்டுப்புதூர்.' தேருக்குப் பின்னால் ஒரு சின்ன வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றி, அதன் தலைமேல் அந்த போர்டை வைத்து, போர்டுக்கென்று தனியாக ஒரு டியூப் லைட்டும் போட்டார்கள். அன்னதானத்துக்கு கேஸ் சிலிண்டர் போதவில்லை என்றார்கள். வீட்டில் இருந்த இரண்டையும் கொடுத்தேன். கொடுக்க ஆரம்பித்த பிறகு எண்ணிப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை.

இங்கேதான் விதி விளையாடியது. துளசிமணி குஞ்சு எடுக்கப் பூசம் கழித்துத்தான் நாள் வைத்திருந்தாள். ஆனால் ஹேச்சரிக்காரன் போன் பண்ணி, முன்னால் பதிந்தவர் வேண்டாம் என்று விட்டார், குஞ்சு பொரித்துவிட்டது, இப்போது எடுத்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றானாம். தேருக்கு முதல் நாள் குஞ்சு வந்து இறங்கியது. அந்த ஹேச்சரிக்காரன் அவசரப்படாமல் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. இதை எவனும் பேசுவதில்லை.

அன்றைக்கு அவள் என்னைக் கேட்டது உண்மைதான். தேருக்குக் கரண்ட் நிறுத்துவார்களா, எவ்வளவு நேரம் என்று கேட்டாள். இரண்டு மணி நேரம், பகல்தானே, பயப்படாதே என்றேன். எப்படியும் ஜெனரேட்டர் இருக்கிறதே என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். மூன்று நாளாக மைக்கில் என் பெயரைச் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்கள்? கொட்டகைக்குள்ளே இருந்தால் மைக் கேட்காதாம். பிறகு சொன்னாள். தேரன்று விடியுமுன்னே நான் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது அவள் குஞ்சுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். வேலையைக் கெடுப்பானேன் என்று கூப்பிடவில்லை.

என்ன தம்பி, குளிருகிறதா? அடுத்த ஸ்டாப் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது.

காலையில் வடம் பிடித்தோம். கிழக்குத் தெரு, தெற்குத் தெரு நன்றாகத்தான் வந்தது. மேற்குத் தெரு முக்கு திரும்புகிற நேரத்தில் மழை பிடித்தது. தை மாதத்தில் மழை, கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அந்த முக்கில்தான் குடிதண்ணீர்க் குழாய்க்குக் குழி தோண்டிச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். பின்சக்கரம் ஒன்று அதற்குள் இறங்கிவிட்டது. பாதி சக்கரம் வரைக்கும் சேறு. நானும் வடத்தில்தான் இருந்தேன். இழுத்தோம், கட்டை கொடுத்துத் தூக்கினோம், மறுபடி இழுத்தோம். புதுத் தட்டின் கனம் வேறு. தேர் அசையவில்லை. மேலே பார்த்தால், நேர் உச்சியில் கரண்ட் கம்பி. கலசம் கம்பிகளுக்கு நடுவில் போய்ச் சொருகிக்கொண்டு நின்றது.

தேர் நகர்ந்தால்தான் கரண்ட். மழை நின்று மண் இறுகினால்தான் தேர் நகரும். இதில் யார் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

லைன்மேன் பத்மநாபன் என்று ஒரு பையன். நல்ல பையன்தான், ஆனால் சாமி விஷயம் புரியாது. சாயங்காலம் ஆனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அண்ணா, அந்த மேல்தட்டையும் கலசத்தையும் கழட்டி இறக்கிருங்க. தேரு பழைய உயரத்துக்கு வந்துரும். அஞ்சு நிமிசத்துல கரண்ட் விட்டர்றேன். ஊரே இருட்டுல கெடக்குது." எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். நடுத்தெருவில் வைத்துச் சாமி தலையிலிருந்து கலசத்தை இறக்குவதா? பக்கத்து ஊர்க்காரன் காதுக்குப் போனால் என்ன ஆகும்? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் டிரான்ஸ்பார்மர் கீழே உட்கார்ந்துகொண்டான்.

அந்த நேரத்தில்தான் துளசிமணி வந்தாள்.

மழையில் தலையெல்லாம் நனைந்திருந்தது. கூட்டத்துக்குள் வரவில்லை. ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆட்கள், நான் உடனே போகவில்லை. பிறகு போனேன். மதியத்திலிருந்தே குஞ்சு கத்துகிறது என்றாள். அடுப்பில் கரி மூட்டிச் சட்டியில் வைத்தாளாம். கொட்டாங்குச்சியெல்லாம் நனைந்து புகைதான் வந்ததாம். தார்ப்பாயை இறக்கினால் புகை மண்டுகிறது, தூக்கினால் சாரல் அடிக்கிறது. தவலையில் வெந்நீர் வைத்துக் கோணி சுற்றி நடுவில் வைத்தாளாம். தண்ணீர் ஆற ஆற, குஞ்செல்லாம் அதைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, அடியில் இருப்பது நசுங்கிச் செத்துப்போகிறதாம். பிரித்து விட்டால் மறுபடி ஏறுகிறதாம். உதவிக்குக் கூப்பிடலாம் என்றால் தெருவில் ஒரு ஆள் இல்லை, எல்லாரும் தேரடியில். சிலிண்டரைக் கேட்க அன்னதானக் கொட்டகைக்குப் போயிருக்கிறாள். இரண்டுமே காலி.

சொல்லிவிட்டு முந்தானையைப் பிரித்தாள். உள்ளே மூன்று குஞ்சு. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "காலத் தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. கண்ணை மூடி மூடித் திறந்தது. எனக்கும் மனசு இருக்கிறது தம்பி. கஷ்டமாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, நம்ம ஜெனரேட்டர எடுத்துட்டு வாங்க. பல்பு எரிஞ்சாப் போதும், பாதிய நான் காப்பாத்திருவேன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. அப்போதுதான் இருட்டுகிறது என்று தேரில் சீரியல் செட்டைப் போட்டார்கள். பச்சையும் சிவப்புமாக மயில் தோகை விரிக்கிறது, வேல் மின்னுகிறது. ஊர் முழுக்க இருட்டு, சாமி மட்டும் ஜொலிக்கிறார். பின்னால் என் பெயர் பளிச்சென்று தெரிகிறது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் போய் ஒயரைப் பிடுங்க முடியுமா? நீங்களாக இருந்தால் பிடுங்குவீர்களா?

நஞ்சப்பன் ஐயா பக்கத்தில்தான் நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. "எடுத்துட்டுப் போ ஆறுச்சாமி. சாமி இருட்டுல பயந்துக்காது. ரெண்டு தீவட்டி புடிச்சாப் போதும்" என்றார். நான் அவரை நன்றாக அறிவேன். பெரிய மனுஷர்கள் அப்படித்தான், போ போ என்று சொல்லிவிட்டு, போகிறானா என்று பார்ப்பார்கள். சோதனை. எனக்குப் புரிந்துவிட்டது.

"சாமிக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கற வழக்கம் எங்க வீட்ல இல்லீங்கய்யா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

துளசிமணி கையை நீட்டினாள். குஞ்சை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டு போய்விட்டாள். வேகமாகக்கூடப் போகவில்லை. அடியெடுத்து வைத்து மெதுவாகப் போனாள். அவளுடைய இருமல் சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேட்டது.

நான் பின்னாலேயே போயிருக்கலாமே என்று அவளுடைய தங்கச்சி கேட்டாள். போய் என்ன செய்வது? அடைகாக்க எனக்குத் தெரியுமா? சாமியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நன்றாகவா இருக்கும்? தேருக்குக் காவல் இருந்தேன். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்ற வேறு ஆள் வேண்டுமே. இரண்டு தடவை நான்தான் ஊற்றினேன். ஒரு நொடிகூட அணையவில்லை.

விடிந்து, மழை விட்டு, வெளிச்சம் வந்த பிறகு வீட்டுக்குப் போனேன். கொட்டகை காலியாக இருந்தது. குஞ்சுகளையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டாள் என்று புரிந்தது. வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். சத்தமே இல்லை. ஒரு கீச்சுக்கூட இல்லை. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நெஞ்சு நிறைந்துபோனது. அவள் சொல்லிக்கொடுத்தது அப்படியே ஞாபகம் வந்தது. சத்தமில்லாமல் இருந்தால் கதகதப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

"பாத்தியா துளசி, ஒரு சத்தமில்ல. வேலவன் நம்மளக் கைவிடல" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போனேன்.

சமையற்கட்டில் அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். தரையெல்லாம் புடவை. பெட்டியில் இருந்த அத்தனையையும் எடுத்து விரித்திருந்தாள், கல்யாணப் பட்டு உட்பட. அது இனி எதற்கும் ஆகாது. புடவைகளின் மேல் குஞ்சுகள் பரவித்தான் படுத்திருந்தன. ஒன்றை ஒன்று தொடாமல், வரிசை வரிசையாக. அவள்தான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறாள். எல்லாம் குளிர்ந்துபோய்க் கிடந்தன.

"மெதுவாப் பேசுங்க. மடியில கொஞ்சம் தூங்குது" என்றாள்.

மடியில் ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். மீந்தது அவ்வளவுதான்.

அன்றைக்குப் பத்து மணிக்கு ஜேசிபி வந்து பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளியது. தேர் கிளம்பிவிட்டது. நிலைக்கு வந்து சேர்ந்ததும் கோயிலில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பூசாரி கட்டினார், மைக்கில் சொன்னார்கள். நஞ்சப்பன் ஐயா அந்த நேரம் எங்கேயோ போய்விட்டார், வயசானவர். துளசிமணியைக் கூப்பிட்டேன், வரவில்லை. தோட்டத்தில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை என்று சொல்ல முடியாது. பேசினாள். சாப்பாடு ஆறுகிறது என்பாள், மோட்டார் ஓடுகிறது என்பாள். மீந்த குஞ்சுகளை மட்டும் கீழே இறக்காமல் வளர்த்தாள். அவள் நடந்தால் பின்னாலேயே போகும். அதில் ஒன்று சேவல். என்ன அழகு தெரியுமா, செம்பு நிறம், கொண்டை நிமிர்ந்து நிற்கும். அவள் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதையே வைத்து மறுபடி பெருக்கலாம் என்று அவளுக்கு ஒரு எண்ணம் இருந்தது போலிருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால்தானே தெரியும்? நான் வேறு ஒன்று நினைத்தேன். இத்தனை கஷ்டத்திலும் சாமி அதைக் காப்பாற்றியிருக்கிறார், அது அவருக்குச் சேர வேண்டியது. வேலவருக்குச் சேவல்தானே விசேஷம்? வைகாசி விசாகத்தன்று கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டேன். அன்றைக்கும் மைக்கில் சொன்னார்கள்.

அடுத்த வாரம் அவள் மில் வேனில் ஏறிவிட்டாள். ஏன் என்று எனக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை. சண்டை இல்லை, ஒரு வார்த்தை கூடக்குறையப் பேசவில்லை. தங்கச்சி வீடு மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கேயே தங்கிக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை தம்பி, வேலைக்குப் போயிருக்கிறாள். ஊரில் கேட்டால் அப்படித்தான் சொல்கிறேன். இருமல் அதிகம் என்று தங்கச்சி போனில் சொன்னாள். நான் என்ன செய்ய முடியும்? மில்லுக்குப் போ என்று நானா சொன்னேன்?

ஆனால் இந்தத் தடவை நிச்சயம் வந்துவிடுவாள். பையில் என்ன வைத்திருக்கிறேன் பாருங்கள். இந்த வருஷத்துத் தேர் நோட்டீஸ். மை வாசம்கூடப் போகவில்லை. இங்கே, கீழே படியுங்கள். 'ஜெனரேட்டர் உபயம்: திருமதி ஆ. துளசிமணி.' என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடச் சொன்னேன். கமிட்டியில் எல்லாருக்கும் ஆச்சரியம். எந்த ஆம்பளை இப்படி விட்டுக்கொடுப்பான்? ஷிப்ட் விட்டு வெளியே வரும்போது கையில் கொடுத்தால் போதும். முகம் மலர்ந்துவிடும்.

அதோ, மில் புகைபோக்கி தெரிகிறது. நான் இறங்க வேண்டியதுதான். நீங்கள் இனிமேல் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை.

அட, உங்கள் பெட்டியில் சத்தத்தையே காணோமே. ஏறும்போது என்ன கத்துக் கத்தின. வேண்டாம், வேண்டாம், திறக்காதீர்கள் தம்பி. தூங்குகிற குஞ்சை ஏன் எழுப்புகிறீர்கள்? கதகதப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.